திருட்டு வழக்குக்கு யார் அப்பீல் போடுவது?

ஒன்பதை இரண்டால் பெருக்கினால் பதினெட்டு. கணக்கில் பிழை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில், மின்துறைச் சாமான்களைத் திருடியதாகப் பிடிபட்ட ஒருவர்மீது 9 வழக்குகள் தொடரப்பட்டன. ஒவ்வொன்றிலும் 2 ஆண்டு சிறைத் தண்டனை. அவற்றை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டுமா, ஒன்று முடிந்த பிறகு மற்றொன்றா என்பது பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதி எதுவும் சொல்லாமல் விட்டால், ஒன்றன்பின் ஒன்றாக என்றே எடுத்துக்கொண்டது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 427ஆவது பிரிவு. சிறை நிர்வாகமும் அப்படியே கூட்டிப் பார்த்தது. மொத்தம் 18 ஆண்டு.

அந்த மனிதர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், அது கைவிரித்தது. 2022 டிசம்பர் 16 அன்று வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா அமர்வின் முன் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் மூத்த வழக்கறிஞருமான எஸ். நாகமுத்துவின் உதவியை அமர்வு கேட்டது. இப்படியே விட்டால் ஆயுள் தண்டனை போலாகிவிடும் என்றார் அவர். ஒன்பது தண்டனைகளும் ஏககாலத்தில் நடக்க வேண்டும் என்று அன்றே உத்தரவானது. தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட எந்த வழக்கும் தங்களுக்குச் சின்ன வழக்கல்ல என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னதும் பேசுபொருளானது. வழக்குகள் மலைபோலக் குவிந்திருக்கும்போது உச்ச நீதிமன்றம் ஜாமீன் மனுக்களை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று மத்திய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு மாநிலங்களவையில் கேட்டுச் சில நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை.

மகிழத்தக்க தீர்ப்புதான். ஆனால், இரண்டு ஆண்டுத் தண்டனையில் விடுபட்ட ஒரு வரியைத் திருத்த நாட்டின் தலைமை நீதிபதி வரை போக வேண்டியிருந்தது என்பதில் மகிழ என்ன இருக்கிறது? அதற்குள் அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்ளே கழித்துவிட்டார். விசாரணைக் காலத்தைக் கழித்துப் பார்த்தால், அவருக்குச் சேர வேண்டிய தண்டனை அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்வது இங்கே எல்லோருக்கும் இயல்பாகத் தெரிகிறது. ஊழல் வழக்கில் அமைச்சர் செய்தால் செய்தியாகிறது. பூட்டை உடைத்து நகை திருடியவருக்கு மூன்றாண்டு என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்த பிறகு, அந்த வழக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. திருடனுக்கு என்ன அப்பீல் என்பதுதான் பொதுப் புத்தி. ஆனால், தவறுகள் திருத்தப்படாமல் தங்கிப்போக வாய்ப்பு அதிகமுள்ள இடம் இந்தச் சின்ன வழக்குகள்தாம். பெரிய வழக்குக்குப் பெரிய வழக்கறிஞர் இருக்கிறார். இதற்கு ஆள் இல்லை.

முதலில் தண்டனைக் கூட்டல். ஒருவர் ஓராண்டுக்குள் செய்த ஒரே வகையான குற்றங்களை, மூன்று வரை, ஒரே வழக்காகச் சேர்த்து விசாரிக்கப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா அதை ஐந்தாக உயர்த்தியிருக்கிறது. ஒரே வழக்காக விசாரித்தால் ஒரு பாதுகாப்பு உண்டு. அடுத்தடுத்து அனுபவிக்கச் சொன்னாலும், ஒரு குற்றத்துக்கு அந்த நீதிமன்றம் தரக்கூடிய உச்சத் தண்டனையைப் போல இரு மடங்கை மொத்தத் தண்டனை தாண்டக் கூடாது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் ஒரு குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு விதிக்கலாம்; ஆக, கூட்டினாலும் 6.

நடைமுறை அப்படி இல்லை. ஒரே வாரத்தில் ஒரே நகரில் ஐந்து வீடு என்றால் ஐந்து முதல் தகவல் அறிக்கை. இரண்டு காவல் நிலைய எல்லை. சில சமயம் இரண்டு நீதிமன்றம். ஒரு வழக்கில் சிறைக்குப் போனவரைப் பி.டி. வாரண்ட் போட்டு அடுத்த வழக்குக்குக் கொண்டுவருவார்கள். துப்புத் துலங்காத பழைய வழக்கு இருந்தால் அதிலும் அவர் பெயர் ஏறிவிடக்கூடும். தனித்தனி வழக்கு, தனித்தனித் தீர்ப்பு என்று ஆகிவிட்டால் அந்த இரு மடங்கு உச்சவரம்பு பொருந்தாது. ஹாப்பூர்க்காரரின் பதினெட்டு அப்படி வந்ததுதான். முந்தைய வழக்கில் என்ன தண்டனை என்பது கடைசி நடுவரின் மேசைக்கு வராமலே போகலாம். வழக்கறிஞரும் எடுத்துச் சொல்லாமல் விடலாம். திருத்த வேண்டிய இடம் மேல்முறையீடு.

இந்தக் கூட்டல் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைப் பார்க்கலாம். 1995இல் ஒருவர் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட்டுகளைத் திருடினார். முதல் கடையில் ஐந்து, இரண்டாவதில் நான்கு. மொத்த மதிப்பு சுமார் 154 டாலர். முன்பு வீடு புகுந்து திருடிய வழக்குகளில் தண்டனை பெற்றிருந்தவர் அவர். மூன்றாவது முறை சிக்கினால் குறைந்தது 25 ஆண்டு என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியிருந்தது. இரண்டு கடை என்பதால் இரண்டு குற்றம். அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டும் என்பதால் 50 ஆண்டு. மேல்முறையீடு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2003 மார்ச்சில் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. 2012இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கலிஃபோர்னியா அந்தச் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நம் நீதிமன்றம் ஹாப்பூர் வழக்கில் ஒரே நாளில் செய்ததை அங்கே வாக்காளர்கள் வந்து செய்ய வேண்டியிருந்தது.

தண்டனையின் அளவை விடுவோம். ஆள் உண்மையில் திருடினாரா என்பதிலேயே மேல்முறையீட்டுக்கு நிறைய வேலை உண்டு. வீடு புகுந்து திருடியதைக் கண்ணால் கண்ட சாட்சி அநேகமாக இருப்பதில்லை. இருந்தால் அது திருட்டாகவே முடிந்திருக்காது. கைரேகை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வழக்கு முழுவதும் ஒரே தூணில் நிற்கும்: காவல் நிலையத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலம், அதைத் தொடர்ந்து நடந்த ரிக்கவரி, அதாவது பொருள் மீட்பு. அந்த ஒப்புதலில் நீதிமன்றம் எவ்வளவைப் பார்க்கலாம் என்பதற்கு 1946லேயே வரம்பு போட்டாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் நடந்த ஒரு கொலை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. புலுக்கூரி கோட்டய்யா வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்வது அதைத்தான். கத்தியைக் கூரையில் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லி, போய்ப் பார்த்துக் கத்தி கிடைத்தால், அங்கே கத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே சான்று. அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்ற மீதி வாக்கியம் செல்லாது.

கத்தி இருக்கும் இடத்தில் நகையை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சங்கிலியைப் புதைத்த இடத்தைக் காட்டினார் என்பது வரும். இன்ன தெருவில் இன்ன வீட்டில் இரவு இரண்டு மணிக்குப் பூட்டை உடைத்து எடுத்தேன் என்பது வராது. ஆனால், காவல் நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலம் பூட்டு உடைத்ததில் தொடங்கிப் பங்கு பிரித்ததில் முடிகிறது. கோப்பில் அது அப்படியே இருக்கும். அவசரத்தில் எழுதப்படும் தீர்ப்பில் அதன் நிழல் விழுந்துவிடும். பொருளை மீட்டதற்கான மகஜரில் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்குப் போனாரா, காவல் நிலையத்தில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்டவர் யாராவது உண்டா? மீட்ட இடம் ஊரார் எல்லோரும் நடமாடும் புறம்போக்கா, குற்றம்சாட்டப்பட்டவர் மட்டும் புழங்கும் வீடா? இரண்டு கிராம் மோதிரத்தைத் தன்னுடையது என்று வீட்டுக்காரர் எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னார்? மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆவணங்களை நிதானமாகப் புரட்டினால் இந்தக் கேள்விகள் தாமாக எழும்.

திருட்டுப் பொருள் திருடுபோன கொஞ்ச நாளில் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் விளக்கவும் இல்லையென்றால், அவர் திருடனாகவோ திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவராகவோ இருக்கலாம் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் சாதாரணமானதல்ல. இரவில் வீடு உடைத்துத் திருடினால் சட்டப்படி 14 ஆண்டு வரை போகலாம். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கியதற்கு 3 ஆண்டு வரைதான். பொருள் கிடைத்தது ஆறு மாதம் கழித்து என்றால் முதல் ஊகம் நிற்குமா? நகைக் கடைக்காரரிடம் மீட்ட நகைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? வீடு உடைத்த குற்றம் மேல்முறையீட்டில் திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றமாகக் குறைவது இப்படித்தான். இதைவிடப் பெரிய இறக்கமும் நடந்திருக்கிறது. குடியரசின் தொடக்க ஆண்டுகளில், ராஜஸ்தானில் ஒரு கோயில் மகந்தும் அவருடைய பணியாளும் கொல்லப்பட்ட வழக்கில், மகந்தின் பொருள்களைக் காவலர்களிடம் எடுத்துக்கொடுத்த இருவர் கொலைக் குற்றவாளிகள் என்று கீழ் நீதிமன்றங்கள் தீர்மானித்தன. பொருள் கையில் இருந்ததை மட்டும் வைத்துக் கொலை செய்தவர் என்று ஊகிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எஞ்சியது திருட்டுக் குற்றம் மட்டுமே.

இவ்வளவும் மேல்முறையீடு செய்ய முடிந்தவருக்கு. பல திருட்டு வழக்குகளில் அந்தக் கதவு விசாரணைக் காலத்திலேயே சாத்தப்பட்டுவிடுகிறது. ஜாமீன்தாரர் கிடைக்காமல் எட்டு மாதமாக உள்ளே இருப்பவரிடம், குற்றத்தை ஒத்துக்கொண்டால் இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து இன்றைக்கே வெளியே போகலாம், வழக்கை நடத்தினால் இன்னும் ஓராண்டு ஆகும் என்று சொன்னால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? உண்மையில் திருடியவர், திருடாதவர் இருவரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள். ஒத்துக்கொண்டவர் தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்பதைத் தவிர வேறெதற்காகவும் மேல்முறையீடு செய்ய முடியாது. 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றம் ஒப்புக்கொள்ளும் பேர முறையில் வந்த தீர்ப்பென்றால் அதுவும் இல்லை. ரிட் மனுவோ உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவோதான் மிச்சம். ஹாப்பூர் மனிதர் அப்படிப் பேரத்தில் ஒப்புக்கொண்டவர்தான். அதனால்தான் சாதாரண மேல்முறையீட்டில் முடிய வேண்டிய விவகாரம் டெல்லி வரை போனது.

அன்றைக்கு வெளியே வந்தவருக்குப் பின்விளைவு அடுத்த முறை தெரியும். சொத்து சம்பந்தப்பட்ட குற்றங்களில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றத்துக்கு ஏற்கெனவே தண்டனை பெற்றவர், அதே மாதிரி குற்றத்தில் மறுபடி சிக்கினால் பத்தாண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ தண்டிக்கலாம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கே உச்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். அவசரத்தில் ஒத்துக்கொண்ட வழக்கு அடுத்த வழக்குக்கு அடித்தளம் ஆகிறது. காவல் நிலையத்தின் ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் ஏறுகிறது. ஊரில் எங்கே பீரோ உடைந்தாலும் முதலில் அவருடைய வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பிறப்பாலேயே சிலரைத் திருடர்கள் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் போனது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறைக் கையேட்டு விதிகள் அரசமைப்புக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மிக அண்மையில், 2024 அக்டோபர் 3 அன்று. காவல் துறையின் சந்தேகப் பட்டியல் இன்றும் யார் யார் குடியிருப்பைச் சுற்றி வருகிறது என்பது திருட்டு வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும்.

இனி, மேல்முறையீடு செய்ய உரிமையும் காரணமும் இருக்கிறவரின் கதைக்கு வருவோம். அவருடைய முதல் எதிரி நாள்காட்டி. நடுவர் தந்த தண்டனைக்கு எதிராக அமர்வு நீதிமன்றம் போக 30 நாள். உயர் நீதிமன்றம் என்றால் 60. சிறையில் இருப்பவர் வக்கீல் இல்லாமலே சிறைக் கண்காணிப்பாளரிடம் மனுவைக் கொடுக்கலாம். அவர் அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். தீர்ப்பு நகல் இலவசம். இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நடப்பில் எப்படி என்பதற்கு ஹோஸ்கோட் என்பவரின் வழக்கு சாட்சி. அவர் ஏழைத் திருடர் அல்லர். சௌராஷ்டிரா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த முனைவர். போலிச் சான்றிதழ் வழக்கில் உயர் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை தந்தது. தீர்ப்பு நகல் தன் கைக்கு வரவே இல்லை என்று சொல்லி அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நான்கு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது, தண்டனையும் முடிந்திருந்தது. அவர் மனு தள்ளுபடியானது. ஆனால், 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கில் ஒரு நல்ல காரியம் செய்தார். நகலைக் கைதியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், மேல்முறையீடு செய்யச் சிறை அதிகாரிகள் எல்லா வசதியும் செய்துதர வேண்டும், வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று எழுதினார். படித்த பேராசிரியருக்கே நகல் கதை அப்படியென்றால், கைநாட்டு வைப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது எதிரி, தண்டனையின் சிறுமையேதான். இரண்டாண்டுத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு மூன்றாண்டு கழித்து விசாரணைக்கு வந்தால் வெற்றி யாருக்கு? இதற்காகத்தான் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. மேல்முறையீட்டை நியாயமான காலத்துக்குள் விசாரிக்க முடியாத நீதிமன்றம் அதுவரை ஆளை உள்ளே வைத்திருப்பது நீதியைக் கேலி செய்வது என்ற பொருளில் நீதிபதி பி.என். பகவதி 1977இல் ஒரு கொலை வழக்கில் சொன்னார். குறிப்பிட்ட சில ஆண்டுத் தண்டனை என்றால் நிறுத்திவைப்பதில் தாராளம் காட்ட வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. அது ஒரு கொள்ளை வழக்கு.

தண்டனை மூன்றாண்டுக்குள் இருந்தால் தண்டித்த நடுவரே, மேல்முறையீடு செய்வதற்கான அவகாசத்துக்கு ஜாமீன் தந்தாக வேண்டும் என்று ஒரு நல்ல விதி இருக்கிறது. அதில் ஒரு நிபந்தனை: அந்த ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்திருக்க வேண்டும். வெளியில் இருந்தவர் வெளியிலேயே இருந்தபடி அப்பீல் போடுவார். ஜாமீன்தாரர் கிடைக்காமல் விசாரணை முழுக்க உள்ளே கிடந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே செய்ததாக இருக்காது. ஆனால், ஏழையைப் பார்த்துச் செதுக்கியது போலவே அமைந்துவிட்டது.

நிறுத்திவைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் தந்தது. கீழே நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். கொத்தனார் மறுபடி டெல்லிக்குப் போனார். 1978இல் இதே கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையாகக் குறைத்தார். அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. உள்ளூரில் சொத்துவரி ரசீதுடன் ஜாமீன்தாரர் வேண்டும் என்று கேட்பது மட்டும் நின்றபாடில்லை.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயமும் உண்டு. தண்டனை பெற்றவர் தானாகத் தொடுத்த மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்தச் சட்டம் இடம்தரவில்லை. உயர்த்த வேண்டுமென்றால் அரசு தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அரசும் பாதிக்கப்பட்டவர் தரப்பும் எதுவும் கேட்காத நிலையில் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கூடுதல் குற்றத்துக்குத் தண்டித்ததை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வக்கீல் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. ஆவணங்களைப் பார்த்துத் தகுதியின் அடிப்படையில்தான் தீர்க்க வேண்டும் என்று 1996 முதல் சட்டம் தெளிவாக இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கோபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குச் சேர்த்த 20 பவுனைப் பறிகொடுத்த குடும்பத்திடம் போய்த் திருடனின் உரிமை பற்றிப் பேச முடியுமா? பேசலாம் என்பதே இக்கட்டுரையின் நிலை. பிடிபட்டவர் உண்மையான திருடன் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கும் நீதி கிடைக்கவில்லை. அசல் ஆள் வெளியே அடுத்த வீட்டை நோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்று, வழக்கில் மீட்ட நகையை யாரிடம் ஒப்படைப்பது என்ற இறுதி உத்தரவு, மேல்முறையீடு இருந்தால் அது முடியும் வரை பொதுவாக நடைமுறைக்கு வராது. இடைக்காலத்தில் பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கிவந்தாலும் அதை அழித்துச் செய்யவோ விற்கவோ முடியாது. மேல்முறையீடு விரைவாக முடிவதில் திருட்டுக் கொடுத்தவருக்கும் லாபம் இருக்கிறது.

சிறைக்கு மாற்று முழு விடுதலை மட்டும்தான் என்றும் இல்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் திருட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் முறை சிக்கியவரைக் கண்டித்து அனுப்பலாம் என்கிறது. 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது. கீழ் நீதிமன்றம் மறந்துவிட்டால் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. ஒரு கிராம் தங்கமே அந்தத் தொகையைத் தாண்டிய பிறகு வந்த சட்டம் இது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இருந்தாலும் தொடக்கம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் தண்டனைக் கைதிகள் 1,33,415 பேர். இவர்கள் ஒவ்வொருவரிடமும் மேல்முறையீடு செய்தாயிற்றா என்று கேட்பது முடியாத வேலையல்ல. 2024 அக்டோபர் 23 அன்று, பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதனும் நீதிபதி பி.ஆர். கவாயும் தந்த தீர்ப்பு ஒரு எளிய வழி காட்டியது. தண்டனைத் தீர்ப்பின் நகலைக் கொடுக்கும்போது, இலவசச் சட்ட உதவியுடன் மேல்முறையீடு செய்யலாம் என்ற தகவலையும் யாரை அணுகுவது என்ற முகவரி, தொலைபேசி எண்ணையும் அச்சிட்ட ஒரு தாளை மேலே இணைக்கலாம். உயர் நீதிமன்றங்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றார்கள். ஒரு தாள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு நடுவர் நீதிமன்றத்திலும் அதைத் தமிழில் அச்சிட்டு வைக்க ஆகும் செலவு எந்த அரசுக்கும் பொருட்டல்ல.

நடுவர்களிடமும் ஒரு கோரிக்கை. தண்டனை விதிக்கும் நாளில் இந்த ஆளுக்கு வேறு வழக்குகளில் என்ன தண்டனை இருக்கிறது என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டுத் தீர்ப்பில் எழுத வேண்டும். ஏககாலமா, அடுத்தடுத்தா என்ற வரியை எழுதாமல் கையெழுத்திடக் கூடாது. மூன்றாண்டுக்கு உட்பட்ட தண்டனையின் மீதான மேல்முறையீடுகளை, ஆள் சிறையில் இருந்தால், அமர்வு நீதிமன்றங்கள் முன்னுரிமை தந்து சில மாதங்களில் முடிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையில் செய்யக்கூடியவை இவை.

அதுவரை, வீட்டில் யாராவது இப்படித் தண்டனை பெற்று உள்ளே இருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள்; நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாள்கள் அதில் சேராது; கடந்துபோயிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு செய்யலாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போக முடியாதவர்கள் அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண் 15100.